அடிபட்டவன் எல்லாம் அடங்கிவிட்டானா?

("மனிதனின் அகந்தையை அடக்குவது வாழ்க்கை தரும் அடியே! ஆன்றோர் சொல்லும் அறிவுரையே!" என்ற தலைப்பில் கீழ்பென்னாத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'அறிவுரையே' அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! இதுவரை எங்களை அடி அடியென்று அடித்துவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மார்களே! என் அணித் தோழர்களே! மல்லாட்டைக் கொல்லையில் வேலையை முடித்துவிட்டு, அவசர அவசரமாகச் சோறு ஆக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கீழ்பென்னாத்தூர்த் தாய்மார்களே, பெரியோர்களே! தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

எதிரணித் தலைவர் பேசும்போது ஒண்ணு சொன்னார். "பட்டாத்தாம்மா புத்தி வரும். சொன்னா எவன் கேக்குறான்?" அப்படின்னார். நீங்களும் நல்லாக் கை தட்டினீங்க. நான் ஐயாவைக் கேக்கிறேன். சொன்னா எவனும் கேக்க மாட்டான்னு நம்புற நீங்க, எதுக்கய்யா பத்து நிமிஷமா எங்களுக்குச் சொல்லிக்கிட்டிருந்தீங்க? பேசாம மேடையை விட்டு இறங்கி, ஆளுக்கு ஒரு அடி வச்சிட்டுப் போயிருக்கலாமே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! அடி வலிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா வலிக்கிறது வேற, புரியிறது வேற. இதுக்கு நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இந்த மேடையிலேர்ந்து மேற்கே திரும்பினா அண்ணாமலை. அந்த மலை சொல்ற கதை உங்க வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நானா நீயா பெரியவன்னு பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் போட்டி. நடுவிலே நெருப்புத் தூணா நிக்கிறார் சிவபெருமான். திருமால் பன்றியாகி அடியைத் தேடிப் பூமிக்குள்ளே போறார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடி வானத்திலே பறக்கிறார். இரண்டு பேருமே காணலை. இரண்டு பேருக்கும் கிடைச்சது ஒரே அடி, ஒரே தோல்வி.

ஆனா என்ன நடந்தது? திருமால் வந்து, "என்னால முடியலை"ன்னு ஒத்துக்கிட்டார். பிரம்மா தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்துக்கிட்டு வந்து, "பார்த்துட்டேன்"னு சொன்னார். அடிதான் அகந்தையை அடக்கும்னா, இரண்டு பேரும்ல அடங்கியிருக்கணும்? ஒருத்தர் பணிஞ்சார், ஒருத்தர் பொய் சொன்னார். அப்போ அடிக்கும் அடக்கத்துக்கும் நடுவிலே வேற ஏதோ ஒண்ணு வேணும். அது என்னன்னு தேடத்தான் நான் வந்திருக்கிறேன். (கைதட்டல்)

சரி, மேற்கே பார்த்தாச்சு. கிழக்கே திரும்புவோம். செஞ்சிக் கோட்டை! 1677-இலே மராட்டிய மாமன்னர் சிவாஜி பிடிச்ச கோட்டை. 1690-இலே முற்றுகை போட்டு, 1698-இலே மொகலாயப் படை உள்ளே நுழைஞ்ச கோட்டை. 1714-இலே ஆற்காட்டு நவாபு படையோடு மோதி, தேசிங்குராஜன் உயிரை விட்ட கோட்டை. 1750-இலே பிரெஞ்சுக்காரன் கையிலே, 1761-இலே ஆங்கிலேயன் கையிலே. 2025-இலே உலகப் பாரம்பரியச் சின்னம்னு யுனெஸ்கோ பட்டியலிலே சேர்த்துட்டாங்க, நமக்கெல்லாம் பெருமை. ஆனா ஒண்ணை யோசிங்க. ஒவ்வொருத்தனும் முந்தினவன் விழுந்த அதே கோட்டைக்குள்ளே உட்கார்ந்துக்கிட்டு, "நான் விழமாட்டேன்"னு நம்பினான். அடி பாடம் சொல்லிக் கொடுக்கும்னா, முதல் ஆள் விழுந்ததுமே இரண்டாவது ஆள் கத்துக்கிட்டிருக்கணுமே! அவனவன் அடி அவனவனோட போச்சு.

எதிரணியிலே இரண்டாவதாகப் பேசின அண்ணன் பைபிளுக்குப் போனார். பாபிலோன் மகாராஜா நேபுகாத்நேச்சார் ஆணவம் பிடிச்சு, "இது நான் கட்டின நகரம்"னு மார்தட்டினான். புத்தி பேதலிச்சு, மாடு மாதிரி புல்லு தின்னான். அப்புறம்தான் அடங்கினான். "பார்த்தீங்களா, அடி!"ன்னார் அண்ணன். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏன்னா அந்த எபிரேயத் தீர்க்கதரிசிகள் வீட்டுக்குள்ளே அவர் தானா நுழைஞ்சிட்டார். இனி வெளியிலே வர்றது கஷ்டம்! (சிரிப்பு)

அண்ணன் கதையைப் பாதியிலேர்ந்து ஆரம்பிச்சிட்டார். அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? ராஜா ஒரு கனவு கண்டான். வானளாவ ஒரு மரம், அதை வெட்டச் சொல்லி ஒரு குரல். தானியேல் வந்து அர்த்தம் சொன்னார். "அரசே, அந்த மரம் நீங்கதான். நியாயமா நடங்க, ஏழைகளுக்கு இரக்கம் காட்டுங்க, நல்லா இருப்பீங்க"ன்னு புத்தி சொன்னார். அதுக்கப்புறம் 12 மாசம் ஓடிப்போச்சு. ஒரு வருஷம் அவகாசம்! அறிவுரை முதல்லே வந்தது. அதைக் கேக்காததுனாலே அடி வந்தது. சரி, அடி விழுந்தப்போ அவனுக்கு எப்படிப் புரிஞ்சது? தானியேல் முன்னாடி சொல்லி வச்சிருந்ததுனாலே புரிஞ்சது. சொல்லாம விட்டிருந்தா அது வெறும் வியாதி. வைத்தியம் பார்த்துட்டு மறுபடியும் மார்தட்டியிருப்பான்.

அதோட முடியலைங்க. அடுத்து வர்றான் பெல்ஷாத்சார். அந்தப் புத்தகம் அவனை நேபுகாத்நேச்சாரின் மகன்னு சொல்லுது. கோயில் பாத்திரத்திலே சாராயம் ஊத்திக் குடிக்கிறான். சுவரிலே ஒரு கை எழுதுது. தானியேல் மறுபடியும் வர்றார். என்ன கேக்குறார்? "உங்க அப்பாவுக்கு நடந்தது அத்தனையும் உனக்குத் தெரியுமே! தெரிஞ்சும் நீ தாழலையே!" இதுதான் கேள்வி. அப்பன் பட்ட அடி மகனுக்கு வரலை நடுவர் அவர்களே! சொத்து வரும், கடன் வரும், சர்க்கரை வியாதி கூட வரும். அப்பன் பட்ட அனுபவம் மட்டும் தானா வராது. யாராவது உட்கார வச்சுச் சொல்லணும். (பலத்த கைதட்டல்)

இன்னொரு ராஜா, தாவீது. அடுத்தவன் மனைவி மேலே ஆசைப்பட்டு, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையிலே முன்னாலே நிக்க வச்சுச் சாகடிச்சான். நாட்டிலே ஒருத்தரும் வாய் திறக்கலை. நாத்தான்னு ஒரு தீர்க்கதரிசி வர்றார். திட்டினாரா? இல்லை. ஒரு கதை சொன்னார். "ஊரிலே ஒரு பணக்காரன், ஏராளமான ஆடு மாடு. ஒரு ஏழை, அவனுக்கு ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. பிள்ளை மாதிரி வளர்த்தான், தன் சோத்திலே பங்கு கொடுத்தான், மடியிலே தூங்க வச்சான். பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தப்போ, தன் மந்தையைத் தொட மனசு வராம, அந்த ஏழையோட குட்டியைப் பிடிச்சு அடிச்சுச் சமைச்சுட்டான்." தாவீதுக்கு ரத்தம் கொதிக்குது. "அவன் யாரு? நாலு மடங்கா அவன் திருப்பிக் கொடுக்கணும்!"ன்னு கத்துறான். நாத்தான் சொன்னார், "அவன் வேற யாருமில்லை அரசே, நீங்கதான்." சிங்காசனத்திலே இருந்தவன், "தப்புப் பண்ணிட்டேன்"னு அங்கேயே ஒத்துக்கிட்டான். அடி அப்புறம் வந்தது. அடக்கம் முதல்லே வந்தது.

நம்ம மதுரையிலே நடக்கலையா? சிலப்பதிகாரத்திலே பாண்டிய மன்னன் சபை. கண்ணகி கையிலே என்ன படையா இருந்தது? ஒத்தைச் சிலம்பு. "என் சிலம்பிலே இருக்கிறது மாணிக்கம்"ன்னு சொன்னாள். "என் சிலம்பிலே முத்து"ன்னான் மன்னன். உடைச்சுக் காட்டினாள். அந்தப் பெண் சொன்ன சொல்லுக்கு முன்னாலே ஒரு பேரரசன் தன்னைத் தானே குற்றவாளின்னு தீர்ப்புச் சொல்லிக்கிட்டான். எந்தப் பகைவன் அடிச்சு அவன் அடங்கினான்?

இப்போ நான் என் அணியோட பெரிய சாட்சியைக் கூப்பிடப் போறேன். யோனா! மீன் வயித்துக்குள்ளே மூணு நாள் இருந்த அதே யோனா. "நினிவே நகரத்துக்குப் போய்ப் புத்தி சொல்லு"ன்னு கடவுள் அனுப்பினார். நினிவே யாரு? அசீரியாக்காரன் ஊரு. எதிரி. "அவங்க திருந்தினா என்ன, திருந்தாட்டி என்ன?"ன்னு யோனா எதிர்த்திசையிலே கப்பல் ஏறிட்டார். புயல் அடிச்சது, கடல்லே தூக்கிப் போட்டாங்க, மீன் விழுங்கிச்சு. இதைவிடப் பெரிய அடி உண்டா? எதிரணிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நீங்க சொல்லலை, நான் சொல்லித் தர்றேன்! (சிரிப்பு)

கரைக்கு வந்தார், நினிவேக்குப் போனார். "இன்னும் 40 நாள்தான், இந்த ஊர் கவிழ்ந்திடும்"ன்னார். அவ்வளவுதான் பிரசங்கம், நடுவர் மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. (சிரிப்பு) ஊர் கேட்டது. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான், ராஜ உடையைக் கழட்டினான், சாக்குத் துணியைக் கட்டிக்கிட்டுச் சாம்பல்லே உட்கார்ந்தான். ஒரு கல் விழலை, ஒரு வீடு இடியலை. வெறும் சொல்லாலே ஒரு நகரமே தலை குனிஞ்சது. ஊர் பிழைச்சது.

யோனா என்ன பண்ணினார் தெரியுமா? கோபப்பட்டார்! "நான் சொன்னபடி ஊர் அழியலையே, என் பேச்சு என்ன ஆச்சு?"ன்னு ஊருக்கு வெளியே போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தார். பாருங்க நடுவர் அவர்களே! ஒரே புத்தகம். வெறும் சொல்லை மட்டும் கேட்ட ஊர் திருந்திடுச்சு. மூணு நாள் மீன் வயித்திலே அடிபட்ட ஆள் திருந்தலை! (பலத்த கைதட்டல்) அவருக்கு நிழல் கொடுத்த செடி வாடினப்போ மறுபடியும் கோபப்பட்டார். கடவுள் அப்பவும் அடிக்கலை, ஒரு கேள்வி கேட்டார். "ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருத்தப்படுறியே, லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேலே ஜனங்க இருக்கிற ஊருக்காக நான் வருத்தப்படக் கூடாதா?" அந்தக் கேள்வியோடயே புத்தகம் முடியுது. யூத மக்கள் வருஷத்துக்கு ஒரு முறை, தங்கள் பாவங்களை நினைச்சு நோன்பு இருக்கிற யோம் கிப்பூர் நாளிலே, இந்தப் புத்தகத்தைத்தான் ஜெப ஆலயத்திலே வாசிக்கிறாங்க. பட்டினி கிடக்கிற நாள்லயும் அவங்களுக்கு ஒரு பாடம் தேவைப்படுது.

இங்கேதான் எதிரணி என்னை மடக்கும். "ஏம்மா, அறிவுரைக்கு அவ்வளவு சக்தி இருந்தா, எங்க வீட்டுப் பையன் ஏன் கேக்க மாட்டேங்கிறான்?" நல்ல கேள்வி. நான் வகுப்பறையிலே நிக்கிறவள், பதில் சொல்லக் கடமைப்பட்டவள். அறிவுரை தோத்துப் போறது இரண்டு காரணத்தாலே. ஒண்ணு, கேக்குறவன் அகந்தை. இன்னொண்ணு, சொல்றவன் அகந்தை!

கேக்குறவன் அகந்தைக்கு நாகமான் கதை. சீரியா நாட்டுச் சேனாதிபதி. வெள்ளியும் தங்கமும் மூட்டை மூட்டையா இருக்கு, உடம்பிலே தொழுநோய். அவன் வீட்டிலே, போரிலே பிடிச்சுக்கிட்டு வந்த ஒரு சின்னப் பொண்ணு வேலை செய்யுது. அதுதான் சொல்லுது, "எங்க ஊரிலே ஒரு தீர்க்கதரிசி இருக்கார், ஐயா போனா குணமாகும்." அந்தக் குழந்தையோட பேரைக்கூடப் புத்தகம் சொல்லலை. பரிவாரத்தோட போனான். எலிசா வாசலுக்குக் கூட வரலை. ஆள் அனுப்பி, "யோர்தான் நதியிலே 7 தடவை முழுகச் சொல்லு"ன்னார். நாகமானுக்குக் கோபம். "எங்க ஊரிலே இல்லாத ஆறா?"ன்னு திரும்பிட்டான். சாத்தனூர் அணைத் தண்ணியை விட்டுட்டு, பக்கத்து ஊர்க் குட்டையிலே முழுகுன்னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும், அப்படி! (சிரிப்பு) கூட வந்த வேலைக்காரங்க சொன்னாங்க, "ஐயா, பெரிய காரியம் ஏதாவது செய்யச் சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்க. குளிக்கத்தானே சொல்றார்?" கேட்டான், முழுகினான், குணமானான். அவனுக்குப் புத்தி சொன்னவங்க யாரு? ஒரு அடிமைச் சிறுமி, நாலு வேலைக்காரங்க. நம்ம வீட்டிலே பத்தாவது படிக்கிற பொண்ணு, "அப்பா, இந்த வட்டிக் கணக்கு தப்பா இருக்கு, கையெழுத்துப் போடாதீங்க"ன்னு சொன்னா, "எனக்கே சொல்ல வந்துட்டியா?"ன்னு கேக்கிறோம். பேத்தி, "மாத்திரையை நிறுத்தாதே தாத்தா"ன்னா, "உங்க அப்பனையே வளர்த்தவன்டா நான்"னு எகிறுறோம். அங்கேதான் நாம யோர்தானை விட்டுட்டுத் திரும்பிப் போறோம்.

சொல்றவன் தகுதிக்கு ஆமோஸ். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. தெக்கோவா ஊரிலே ஆடு மேய்ச்சவர், காட்டத்தி மரம் பார்த்தவர். பெத்தேலுக்குப் போய், "அளக்கிற மரக்காலைச் சின்னதாக்கி, தராசிலே கள்ளத்தனம் பண்ணி, ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையை விலை பேசுறீங்களே"ன்னு பணக்காரங்களைக் கேட்டார். மல்லாட்டை மூட்டையை எடை போடுறப்போ தராசு முள்ளையே பார்த்துக்கிட்டு நிக்கிற உங்களுக்குத் தெரியும், அந்தக் கேள்வியோட அருமை. (கைதட்டல்) அரண்மனைப் பூசாரி, "உன் ஊருக்குப் போய்ப் பிழைச்சுக்கோ"ன்னார். ஆமோஸ் என்ன சொன்னார்? "நான் தீர்க்கதரிசியும் இல்லை, தீர்க்கதரிசி வீட்டுப் பிள்ளையும் இல்லை. ஆட்டுக்காரன்." பட்டம் காட்டலை, பரம்பரை காட்டலை. அதனாலேதான் அவர் சொல் 2,700 வருஷம் கடந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்திருக்கு.

எப்படி வந்தது? 1706-இலே தரங்கம்பாடியிலே வந்து இறங்கினார் சீகன்பால்கு. ஜெர்மனியிலே படிச்ச பண்டிதர், 24 வயசு. நமக்குப் போதிக்க வந்தவர் முதல்லே என்ன செஞ்சார்? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோட தரையிலே உட்கார்ந்து, மணல்லே விரலாலே அ, ஆ எழுதிப் பழகினார். 1715-இலே தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிலே கொண்டு வந்தார். பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்துட்டு 1719-இலே மறைஞ்சார். மீதியை பெஞ்சமின் சூல்ட்சே முடிச்சார். மத விஷயத்திலே அவரோட உடன்படலாம், உடன்படாமப் போகலாம். ஆனா போதிக்க வந்தவன் முதல்லே மாணவனா உட்கார்ந்தானே, அதைப் பாருங்க. நம்ம திருவண்ணாமலையிலே ரமண மகரிஷி! 1902-இலே சிவப்பிரகாசம் பிள்ளை போய், "நான் யார்?"னு கேட்டப்போ, மௌனமா இருந்த மகரிஷி எழுதித்தான் பதில் காட்டினார். ஒரு அதட்டல் இல்லை, ஒரு அடி இல்லை.

ஏசாயா புத்தகத்திலே ஒரு இடம். களைச்சுப் போனவனுக்கு ஆறுதல் சொல்ற நாக்கு ஒருத்தருக்குக் கிடைக்குது. எப்படிக் கிடைக்குது? காலை தோறும் கடவுள் அவர் காதைத் திறக்கிறார். முதல்லே காது, அப்புறம்தான் வாய். நாம வீட்டிலே காலையிலே எதைத் திறக்கிறோம்? (சிரிப்பு) பையன் எழுந்திருச்ச உடனே நம்ம வாய் திறந்திடுது. அவன் காது மூடிடுது. அறிவுரை தோக்கலைங்க, நாம சொன்ன விதம் தோத்துப் போச்சு.

கடைசியா ஒண்ணு. சிரிக்கிற விஷயம் இல்லை. திண்டிவனத்திலேர்ந்து கிருஷ்ணகிரி போற நெடுஞ்சாலை நம்ம ஊர் வழியாத்தான் போகுது. புது வண்டி, பதினெட்டு வயசு, தலையிலே ஹெல்மெட் இல்லை. "நம்மளை என்ன ஆகும்?"கிற இளவட்டத்தின் இறுமாப்பு. எதிரணி அண்ணன்மார்களே, அந்தப் பிள்ளையைப் பார்த்து, "விடு, பட்டாத்தான் தெரியும்"னு சொல்லுவீங்களா? அந்த அடி பாடம் சொல்லிக் கொடுக்கும், சரி. கத்துக்க ஆள் இருக்கணுமே ஐயா! (நீண்ட கைதட்டல்) ஒரு தேர்விலே தோத்த பிள்ளையை, "பட்டுத் திருந்தட்டும்"னு தனியா விட்டுடலாமா? எழுந்திருக்க முடியாத அடியும் உண்டு தாய்மார்களே! அந்த அடிக்கு முன்னாடி போய் நிக்க வேண்டியது யாரு? ஒரு நாத்தான். ஒரு தானியேல். பேர் தெரியாத ஒரு வேலைக்காரச் சிறுமி. நம்ம வீட்டிலே ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒரு வாத்தியார்.

வள்ளுவர் அடக்கமுடைமைக்குப் பத்துக் குறள் எழுதி வச்சார். அடியாலேதான் அடக்கம் வரும்னா, அவர் எழுத்தாணியைக் கீழே போட்டுட்டுக் கம்பை எடுத்திருப்பார்! அவர் நம்பினது சொல்லை. ஆமோஸ் நம்பினது சொல்லை. நினிவேயைக் காப்பாத்தினது சொல்.

ஆகவே நடுவர் அவர்களே, அடி மனிதனைக் கீழே தள்ளும், அவ்வளவுதான். விழுந்தவனும் முறைச்சுக்கிட்டே கிடக்கலாம். தானாகத் தலை குனிய வைக்கிறது, அன்போடும் பணிவோடும் சொல்லப்படுகிற அறிவுரைதான். எனவே, மனிதனின் அகந்தையை அடக்குவது ஆன்றோர் சொல்லும் அறிவுரையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)